லுக்சர் போனவர்கள்

“மூணு நாள். கடலைப் பார்த்த ரூம். யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்றான் ஷவ்கி.

பஹிய்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கேட்காமலே அவன் செய்த முதல் நல்ல காரியம் இது. அலெக்சாண்டிரியாவில் மதியம் யாரோ பொரித்துத் தரும் மீன், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடை. முக்கியமாக, பாத்திரம் தேய்க்க வேண்டாம்.

“எத்தனை பெட்டி எடுத்துக்கட்டும்?”

“எதுக்குப் பெட்டி? ஒரு சின்னப் பை போதும்.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஷவ்கியின் அக்கா கத்ரிய்யா. குளிர்காலம் முழுக்க உயிரோடு இருக்கிறாயா என்றுகூடக் கேட்க மாட்டாள். ஜூலை பிறந்தால் போதும், தம்பி மேல் பாசம் பொங்கிவிடும். போன வருஷம் ஒன்பது பேரோடு வந்து மூன்று வாரம் தங்கினாள். பஹிய்யா சமையலறைத் தரையில்தான் படுத்தாள்.

“வியாழக்கிழமை வர்றோம் பஹிய்யா. இந்தத் தடவை பதினொரு பேர்தான்.”

“ஐயோ அண்ணி, அன்னிக்குத்தான் நாங்க லுக்சர் போறோம். அவருக்கு ஆபீஸ் வேலை.”

“இந்த வெயில்ல லுக்சருக்கா? உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா?”

“என்ன பண்றது அண்ணி, மேலிடத்து உத்தரவு.”

கத்ரிய்யா கொஞ்சம் யோசித்தாள். “சரி, சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எங்களை நாங்க பாத்துக்குறோம்.”

பஹிய்யா போனை வைத்துவிட்டு ஷவ்கி பக்கம் திரும்பினாள்.

“விஷயம் தெரிஞ்சா உங்க அக்கா ஆயுசுக்கும் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. உங்க குடும்பமே நம்மளைத் தள்ளி வெச்சிடும்.”

“லுக்சர் போனவங்களை ஓட்டல்ல யாரு தேடப் போறா? நீ சும்மா இரு.”

வியாழக்கிழமை மதியம் ஓட்டல் குமாஸ்தா இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கி, முகவரியை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

“கல்யாணப் பத்திரம் இருக்கா?”

பஹிய்யாவுக்குக் கோபமும் வந்தது, இந்த வயதில் இப்படி ஒரு சந்தேகமா என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார் குமாஸ்தா, இன்னும் குழம்பியவராக. “அப்புறம் எதுக்கும்மா ரூம்?”

“நிம்மதியாத் தூங்கறதுக்கு.”

ஜூலை மாதம். ஊரில் காலியாக இருந்தது அந்த ஒரே அறைதான். பால்கனியில் நின்று கழுத்தை நன்றாக வளைத்தால் ஒரு முழம் கடல் தெரிந்தது. பஹிய்யாவுக்கு அதுவே போதும். யாரோ போட்ட தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திடீரென்று ஷவ்கி மண்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“என்னங்க ஆச்சு?”

“தலையைக் குனிடீ. எதிர்த்தாப்புல, நம்ம வீட்டு பால்கனியில எங்க அக்கா துணி காயப்போடுறா.”