நாற்பது லட்சத்தில் ஒருவன்

அந்த ஆய்வுக்கூடத்துக் கணினியின் தலைக்கனத்தை இறக்கி வைக்க நாலு மேசை போதாது. காய்ச்சலில் கிடந்த வெள்ளெலிக்கு மருந்து தேடச் சொன்னார்கள். கிருமியின் புரதத்தில் ஒரு குழி உண்டு. அதை அடைத்தால் கிருமி காலி. கணினி அந்தப் புரதத்தின் படத்தைத் திரையில் நிறுத்தி, நாற்பது லட்சம் மூலக்கூறுகளைக் குழியில் உட்கார வைத்துப் பார்த்து, ஒரு டீ ஆறுவதற்குள் வரிசைப்படுத்திவிட்டது.

“முதல் ஆளைப் போடு. கச்சிதமாக உட்காருவான்” என்றது சோதனைக் குழாயிடம்.

குழாய் போட்டுப் பார்த்தது. “உட்காரவில்லையே அண்ணாச்சி. புரதம் நெளிகிறது.”

“படத்தில் ஆடாமல் அசையாமல் இருந்ததே!”

“உறைய வைத்துப் படம் பிடித்தால் யார்தான் அசைவார்கள்?”

கணினியின் விசிறி விர்ரென்று சுழன்றது.

எலி முனகியது: “காய்ச்சல் படத்துக்கு இல்லை அண்ணாச்சி, எனக்கு!”

குழாய் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனது. முந்நூற்றுப் பதினேழாவது ஆள் நெளிவோடு நெளிவாக ஒட்டிக்கொண்டான். சாயங்காலம் எலி எழுந்து கடலை கொறித்தது.

“பார்த்தாயா? அவனும் என் பட்டியலில்தான் இருந்தான்” என்று கணினி நெஞ்சை நிமிர்த்தியது.

“இருந்தான் அண்ணாச்சி” என்றது எலி. “இல்லாதவன் எவன்?”