சம்மந்தியும் சலவைப் பவுடரும்

"சம்மந்தியாகப் போறவை வரேக்கை, டொய்லெட்டுக்குள்ள உடுப்பு தோய்க்கிற பவுடரையோ போடப் போறியள்?"

கடைக்குள் நின்று விமலாதேவி கேட்டதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அருந்தவன் கரவன் டொய்லெட்டுக்கு ஊற்றும் நீல மருந்துப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நாங்கள் போற கரவன் பார்க்கில செப்டிக் டாங்க். நீல மருந்து ஊத்தக் கூடாதெண்டு போட்டிருக்கினம். பச்சை மருந்து ஊத்தலாம். அதின்ர விலையைப் பாரும்."

"பார்த்தனான். வாங்குங்கோ."

"கரவனோட ஊர் சுத்துற வெள்ளைக்காரர் கனபேர் இதைத்தான் போடினம். குழந்தையளின்ர துணி ஊறவைக்கிற பவுடர். ரெண்டு கரண்டி, கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணி. அவ்வளவுதான்."

"மணந்தால்?"

மணந்தால் என்ன நடக்கும் என்று அருந்தவனுக்கும் தெரியும்.

அவர்கள் மகள் ஆரபியும் சிட்னி ஹோம்புஷில் இருக்கும் கீர்த்தனனும் விரும்பிவிட்டார்கள். பெடியனின் தகப்பன் வரதராஜா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. "முதல்ல ரெண்டு குடும்பமும் கொஞ்சம் பழகிப் பார்ப்பம். பிறகு நாள் குறிப்பம்" என்று போனில் சொன்னார். அதோடு அருந்தவன் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "அப்ப எங்கட கரவனிலேயே மூண்டு நாள் கடற்கரைப் பக்கம் போவம், வாங்கோ" என்றுவிட்டார்.

கிரெய்கிபர்ன் வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சின்ன வீடு; பெரியவர்கள் நாலு பேர் படுக்கலாம். டொய்லெட் ஒன்றுதான். அதன் கதவோ அப்பளம் மாதிரி மெல்லியது.

"பெடியன்ர தாய் போன முறை வந்த அண்டைக்கு, கருவாட்டு மணமெண்டு எங்கட குசினி யன்னலைத் திறந்தவ. மறந்து போச்சோ?" என்றாள் விமலாதேவி. "இந்த முறை மணந்தால் என்ர பிள்ளையின்ர கலியாணமே குழம்பிப் போகும்."

"மணக்காது. நான் பொறுப்பு."

பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் பவுடரைத்தான் வாங்கினார். கல்லில் நார் உரிக்கிற மனிதர், வேறென்ன செய்வார்?

முதல் நாள் முழுக்க அருந்தவன் கடலைப் பார்க்கவே இல்லை. துவாய் எடுக்க, தொப்பி தேட என்று ஏதோ ஒரு சாட்டில் டொய்லெட் கதவடிக்குப் போய் மூக்கைச் சுளித்துச் சுளித்து முகர்ந்துவிட்டு வந்தார். ஒன்றும் மணக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. வரதராஜா, சுகர் இருக்கிறபடியால் நடக்க வேணும் என்று விடியவும் பின்னேரமும் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடைக்குப் போய் வந்தார். நல்ல பழக்கமுள்ள குடும்பம் என்று அருந்தவன் எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை, வரதராஜாவின் மனைவி டொய்லெட் கதவுக்குப் பக்கத்தில் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். அருந்தவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். விமலாதேவி சுவரில் சாத்தியிருந்த சாமிப் படத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணமும் இல்லையே அண்ணை. எங்கட வீட்டு பாத்ரூம்கூட இப்பிடி இராது. என்ன மருந்து போடுறனீங்கள்?"

"அது ஒரு வீட்டுக் கைமருந்துதான்" என்றார் அருந்தவன். அப்போது விமலாதேவியை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கலியாணமாகி முப்பது வருடத்தில் அப்படி ஒரு வெற்றிப் பார்வையை அவள் கண்டதில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் வரதராஜா கதிரையை அருந்தவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தை மாதத்துக்குள்ள ஒரு நல்ல நாளாய்ப் பார்ப்பம். இவ்வளவு துப்புரவான குடும்பம். வேறென்ன வேணும் எங்களுக்கு?"

விமலாதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அருந்தவனுக்கு நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. உடனே ஆரபிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

இனி மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேலை. டொய்லெட்டுக்கு அடியில் கழிவு சேரும் பெட்டியைக் கழற்றி, பார்க்கின் கழிவுக் குழியில் ஊற்ற வேண்டும். அருந்தவன் கையுறை போட்டு, முகத்துக்கு மாஸ்க்கும் கட்டினார்.

"நானும் ஒரு கை பிடிக்கிறன்" என்று வரதராஜா எழும்பினார்.

"ஐயோ அண்ணை, நீங்கள் இருங்கோ. இதெல்லாம் நீங்கள் செய்யிற வேலையே?"

"இனி என்ன, ஒரு குடும்பம்தானே" என்று அவர் பின்னால் வந்தே விட்டார்.

குழியடியில் அருந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்தார். முதல் நாள் அவர் கரைத்து விட்ட பவுடர்த் தண்ணி அப்படியே வெளியே ஓடியது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வரவில்லை.

இருவரும் குழியைப் பார்த்தபடி நின்றார்கள். வரதராஜாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது வந்து, சம்மந்தி வீட்டுக்காரருக்கு முன்னால அந்தக் கதவைத் திறக்க எங்களுக்குக் கூச்சமாய்ப் போட்டுது. நடக்கப் போறமெண்டு சொல்லிப்போட்டு, கடற்கரைப் பக்கத்துப் பப்ளிக் டொய்லெட்டுக்குத்தான் போனனாங்கள்" என்றவர், சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்கள்?"

அருந்தவன் மாஸ்க்கைக் கழற்றினார்.

"நாங்கள் பார்க் கேட்டடியில இருக்கிற டொய்லெட்டுக்கு."