மூன்றாவது ஆளுக்கு வெந்நீர்

"வீட்டுல மூணு பேராம்மா?" என்று மெக்கானிக் கேட்டது மிவாகோவுக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

"ரெண்டே பேருதான், நானும் மாமியாரும். அவர் தவறிப் போயிட்டாரு."

"அப்ப யாரோ ரெண்டு தடவை குளிக்கிறீங்க. உங்க பழக்கத்தைப் பார்த்துத்தான் இது ஓடும். தேவைக்கு மேல காஸ் எரிக்காது, மகா கஞ்சம்!"

கொல்லையில் நின்று மின்சாரமும் வெந்நீரும் தரும் அந்த இயந்திரத்தின் பழைய கணக்கை மெக்கானிக் அழித்துவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் அது மறுபடியும் மூன்று பேருக்குக் காய்ச்சியது.

ஜப்பானிய வழக்கப்படி அந்த வீட்டில் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் எல்லோரும் குளிப்பார்கள்; இறங்குமுன் உடம்பைக் கழுவ மட்டும் ஆளுக்குப் புது வெந்நீர். முதலில் மாமியார், பிறகு மகன் யசுஹிகோ, கடைசியில் மருமகள்.

இன்றும் மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மிவாகோ துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா, உனக்கென்ன அவசரம்? யசுஹிகோ இப்பத்தானே உள்ள போனான்."

சமையலறைச் சுவரிலிருந்த சின்னத் திரையில் வெந்நீரின் அளவு மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பவள், இன்று மூடிய குளியலறைக் கதவருகே போய் நின்றாள்.

"என்னங்க, ஒகினாவாவுல அக்காவோட போய் இருக்கலாம்னு இருக்கேன். பெட்டி கட்டி ஒரு வருஷமாச்சு. என்னைப் போக விடுங்க."