பருப்பளவு ரேகை

ஈராக்கின் மோசுல் நகரில் குண்டுவீச்சில் செத்தவர்களின் கணக்கைச் சரிபார்ப்பது ஷதாவின் வேலை. குண்டு விழுந்து இடிந்த ஒரு வீட்டில் சாவு பூஜ்யம் என்றது ராணுவ அறிக்கை. அவள் அந்தத் தெருவின் ரேஷன் கடைக்காரர் ஹாசிமிடம் போனாள்.

“கார்டுல பதினோரு பேரும்மா. எல்லாரையும் போன மாசம் நான்தான் தோண்டியெடுத்துப் பொதைச்சேன்.”

“பூஜ்யமாம்! எழுதின கை வெளங்குமாண்ணே?”

பதினொன்று என்று எழுதிக்கொண்டாள். ஹாசிம் தயங்கித் தயங்கி இந்த மாத ஏட்டைத் திறந்தார். அந்த வீட்டுக்கு நேரே, மாவு வாங்கியதற்கு ஆளுக்கொரு கைநாட்டு, சிமெண்டுத் தூசியில்.

“யாருண்ணே வாங்கினது?”

“தெரியலம்மா. காலையில கடையத் தொறந்தா மாவைக் காணோம், ரேகை இருக்கு.”

எண்ணினாள். பன்னிரண்டு. கடைசி ரேகை பருப்பளவுதான் இருந்தது.

“அந்த வீட்டு மருமக நெறமாசமா இருந்தாம்மா.”

ஷதா தான் எழுதிய பதினொன்றைத் தாள் கிழிய அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று எழுதினாள்.