தகடு மாட்டாத தொலைநோக்கி

டெக்சாஸ் மேய்ச்சல் நிலத்தில் நடுப்பகல் இருண்டு கிடக்கிறது. நிலவு சூரியனை முழுக்க மறைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக எல்லோரும் தொலைநோக்கி முகப்பிலிருந்து வெயில் தடுக்கும் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். சூரியன் எட்டிப் பார்க்குமுன் அதைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கத்துவது டார்லாவின் வேலை. "மூடுங்க, எல்லாரும் மூடுங்க" என்று கத்துகிறாள். சுற்றிலும் தகடுகள் டக்டக்கென்று முகப்புகளில் பொருந்துகின்றன. அவள் தம்பி வெண்டல் மட்டும் அசையவில்லை. பக்கத்து வெளிச்சம் படாதபடி கருப்புத் துணியால் தலையையும் தொலைநோக்கியில் கண் வைக்கும் முனையையும் சேர்த்து மூடிக்கொண்டு, கண்ணை ஒட்டவைத்து நிற்கிறான். "டேய், தலைய எடுடா." "சும்மா கெட, இன்னும் கொஞ்ச நேரம்." மேற்கு வேலியோரம் வெயில் திரும்பி, புல் வெளுக்கிறது. டார்லா அவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்து, காலரைப் பிடித்து இழுத்து வீசுகிறாள். தொலைநோக்கியின் உலோக விளிம்பு அவன் புருவத்தைக் கிழிக்கிறது. துணி கண் வைக்கும் முனையை மூடியபடி தொலைநோக்கிக் குழாயிலேயே தொங்குகிறது. ரத்தம் வழிய எழுந்தவன் அவள் வாயில் ஓங்கிக் குத்துகிறான். அவள் மல்லாந்து விழ, மார்பில் முட்டியை ஊன்றுகிறான். "இதுக்காக எத்தன வருஷம் காத்திருந்தேன் தெரியுமாடி?" முஷ்டி மறுபடி உயர்கிறது. அப்போது கருகும் வாடை வருகிறது. திரும்புகிறான். அவன் கண் இருந்த இடத்தில் துணி புகைந்து, ஓரம் சிவந்த ஓட்டையொன்று விரிகிறது. முஷ்டி அந்தரத்தில் நிற்கிறது. டார்லா உடைந்த பல்லைத் துப்புகிறாள். "அடிக்கணும்னா அடி. ரெண்டு கண்ணாலயும் நல்லா பாத்து அடி."