பாதிப் படம்

முகமூடி அணிந்த மூன்று வீரர்கள் ஒன்றுசேர்ந்து கொள்ளைக் கூட்டத்தைத் துவைத்தெடுக்கும் சிரிப்புப் படம். மட்டாஞ்சேரித் தியேட்டரில் அன்று கடைசி நாள். இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்தில், சுக்குக் கிடங்கில் கூலி வேலை பார்க்கும் ஆவுடையம்மாள் வழக்கம்போல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

கதவருகே நின்ற டிக்கெட் கிழிக்கும் பிச்சுமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏழு நாளா இதே கதையா அம்மா? இனிமேத்தானே தமாஷே! நீல முகமூடி மாடியிலேர்ந்து சாணிக் குழியில குதிக்கறதைப் பாத்தா பொணம்கூடச் சிரிக்கும்."

"கதவத் தொறங்கய்யா."

"சுக்குக் கிடங்கு முதலாளி விரட்டறாரோ?"

"இல்லய்யா. நாளைக்கு இந்தப் படம் எங்க போவுது?"

"பள்ளுருத்திக்கு. அங்கேயும் பாதிதான் பாப்பேளாக்கும்?"

உள்ளே விசில் பறந்தது. அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"நீல முகமூடிக்குள்ள இருக்கது ஹீரோ இல்லய்யா, எம் மவன். மெட்ராஸுல டூப்புப் போட்டுப் பொழச்சான். அந்த மாடியிலேருந்து குதிச்சவன் எந்திரிக்கவே இல்ல. அதுவரைக்கும் உசுரோட ஓடியாடுதான். அத மட்டும் பாத்துட்டுப் போயிருதேன்."

'பகவானே, என்ன வார்த்தை சொல்லிவிட்டேன்!' என்று மனத்துக்குள் அழுதபடி பிச்சுமணி கதவைத் திறந்தார். அவள் படியிறங்கும்போது தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

மறுநாள் படப்பெட்டியோடு பள்ளுருத்தித் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவனுக்கு அவர் எழுதிய சீட்டு ஒன்றும் போயிற்று: 'சுக்குக் கிடங்கு அம்மா ஒருத்தி தினமும் வருவாள். நீல முகமூடி மாடிப்படி ஏறும்போது, அவள் கேட்கும் முன்பே கதவைத் திறந்துவிடு. ஏன் என்று மட்டும் கேட்காதே.'