பின்பக்கம் இல்லாத வீடு

ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்ற ஊருக்கு வடக்கே, ஆளரவமற்ற பொட்டலில் டார்சி தன் முதல் பேய்ப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தான். கையில் காசில்லை. அதனால் பேய் வீட்டுக்கு முன்சுவர் மட்டும்தான். பலகையில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். பின்னால் வெறும் செம்மண்.

மத்தியானம் புழுதிப்புயல் அடித்தது. எல்லோரும் வேனுக்குள் ஓடினார்கள். பேயாக நடித்த தோழி டீகனை மட்டும் காணவில்லை. டார்சி தொண்டை கிழியக் கத்தினான். படமே வேண்டாம், அவள் உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தது.

புயல் அடங்கியதும் அந்தப் பலகைக் கதவைத் திறந்துகொண்டு டீகன் வந்தாள். தலைமுடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"எங்கடி போன? உசிரே போயிருச்சு!"

"உள்ளதான் இருந்தேன். என் வேஷத்தப் பாத்து அந்தம்மாதான் பாவம், பயந்துட்டாங்க. அப்புறம் புயல் நிக்கட்டும்னு உக்காரவெச்சு டீ குடுத்தாங்க. வீட்டுல ஆள் இருக்குன்னு நீ சொல்லவே இல்லியேடா!"

டார்சி சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். செம்மண்தான். அவள் கையிலிருந்த பீங்கான் கோப்பையில் இன்னும் ஆவி பறந்தது.

படம் முடிந்து கிளம்பும்போது சுவரைப் பிரிக்க அவன் விடவில்லை. கோப்பையைக் கழுவி வாசலில் வைத்தான். கதவை மெல்லத் தட்டி, "ரொம்ப நன்றிங்க" என்றான்.

உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தி எழுந்தார்கள்.